பிஎக்ஸ்90 டயமண்ட் ஆன்வில் செல்: எதற்கு நம்பலாம், எங்கே கை வழுக்கும்

கோள்களின் உட்புறத்தையும், கடும் அழுத்தத்தில் பொருள்கள் எப்படி மாறுகின்றன என்பதையும் ஆராய நினைக்கும் ஆய்வகம் ஒரே ஒரு டயமண்ட் ஆன்வில் செல்தான் (இரண்டு வைர முனைகளுக்கு நடுவே மாதிரியை நெருக்கும் கருவி) வாங்க முடியும் என்றால், பிஎக்ஸ்90 வாங்குவதே நல்லது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மீதியெல்லாம் அதை எப்படிக் கையாள்வது, எங்கே சறுக்கும் என்பதைப் பற்றித்தான். இந்த செல் உங்களுக்குத் தருவது எக்ஸ் கதிரும் ஒளியும் போய்வர அகலமான ஜன்னல். அழுத்தத்தைத் தருவது நீங்கள் ஒட்டும் வைரமும் நீங்கள் துளையிடும் கேஸ்கெட்டும். செல் வந்துவிட்டது, இனி பூமியின் மையம்தான் என்று அவசரப்பட்டால் முதல் மாதத்திலேயே ஒரு ஜோடி வைரம் போய்விடும்.

கருவியின் தத்துவம் எளிது. இரண்டு வைரங்களின் கூர்முனையைச் சமதளமாகத் தீட்டி, நேருக்கு நேர் வைத்து நெருக்குகிறோம். அந்தச் சமதள முனைக்குத்தான் க்யூலெட் என்று பெயர். நடுவில் துளையிட்ட ஓர் உலோகத் தகடு, அதுதான் கேஸ்கெட். அந்தத் துளைக்குள் மாதிரி. 300 மைக்ரான் க்யூலெட்டில் 50 ஜிகா பாஸ்கல், அதாவது சுமார் 5 லட்சம் வளிமண்டல அழுத்தம் வேண்டுமானால், தேவைப்படும் விசை ஏறத்தாழ 3,500 நியூட்டன். 360 கிலோ எடை ஏற்றியது போலத்தான். நான்கு திருகாணிகளும் ஓர் ஆலன் கீயும் அதற்குப் போதும். கேஸ்கெட்டின் மேலும் விசை விழும் என்பதால் நடைமுறையில் இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கும்.

இந்தக் கருவி 1958-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய ஆய்வகத்தில் பிறந்தது. வியர், லிப்பின்காட், வான் வால்கன்பர்க், பன்டிங் ஆகிய நால்வரும் செய்த முதல் செல்லுக்கான வைரம், கடத்தல்காரர்களிடம் அரசு பறிமுதல் செய்த கற்களிலிருந்து வந்தது. பிஎக்ஸ்90 அந்த வழியில் மிகவும் பிந்தியது. கான்டரும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட வடிவமைப்பு இது. ஜெர்மனியின் பைராய்ட் பெயரோடு சேர்த்தே துறைக்குள் அறியப்படுகிறது.

பெயரில் இருக்கும் 90 தான் இதன் உயிர். இரு பக்கமும் 90 பாகை கூம்பாகத் திறந்திருக்கும். இது ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கில் காட்டிவிடலாம். 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரின் அலைநீளம் 0.413 ஆங்ஸ்ட்ராம். திறப்பு 60 பாகை என்றால் மாதிரியின் அணுத்தளங்களில் பட்டு விலகும் கதிர் 30 பாகை வரைதான் வெளியே வர முடியும். அதற்கு மேல் உலோகம் மறைத்துவிடும். அப்போது பார்க்க முடிகிற மிகச் சிறிய அணுத்தள இடைவெளி 0.80 ஆங்ஸ்ட்ராம். திறப்பை 90 பாகையாக்கினால் அது 0.54 ஆங்ஸ்ட்ராமுக்கு இறங்குகிறது. தூள் மாதிரியில் கோடுகள் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒற்றைப் படிகத்தில்தான் வித்தியாசம் தெரியும். படிகத்தைச் சுழற்றும் வீச்சும் சேர்ந்து கூடுவதால், அணுக்களின் இருப்பிடத்தையே தீர்க்கக்கூடிய அளவுக்குப் பிரதிபலிப்புகள் கிடைக்கின்றன. கோளின் உள்ளே ஒரு கனிமம் இந்த வடிவில்தான் இருக்கும் என்று துணிந்து சொல்ல வேண்டுமானால் இந்த அளவு தரவு வேண்டும்.

திறப்பு அகலமானால் வைரத்துக்குப் பின்னாலிருந்து தாங்கும் உலோகம் குறையும். அதுதான் கொடுக்க வேண்டிய விலை. அதனால் இந்த செல்லில் தட்டையான அடியுள்ள வழக்கமான வைரத்தை விட, போலர்-ஆல்மாக்ஸ் வகை வைரம் பொருத்தம். அதன் மேற்பகுதி கூம்பாகத் தீட்டப்பட்டு, அதே கூம்பு வடிவில் குடைந்த, சீட் எனப்படும் டங்ஸ்டன் கார்பைடு இருக்கைக்குள் உட்காரும். தாங்கும் பரப்பு அதிகம், வைரத்தின் உயரமும் குறைவு. இரண்டு வகையையும் இந்த செல் ஏற்கும். ஆனால் வழக்கமான வைரத்தையும் குறுகிய துளையுள்ள சீட்டையும் போட்டால் 90 பாகைக்குக் கொடுத்த காசு வீண்.

எந்தக் கோள், எந்த க்யூலெட்

வைரம் வாங்குமுன் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். நிலவின் மையத்தில் சுமார் 5 ஜிகா பாஸ்கல். செவ்வாயின் பாறை அடுக்கான மேன்டில் முடிந்து உலோகக் கருவம் தொடங்கும் இடத்தில் ஏறத்தாழ 20. இந்த இரண்டுக்கும் 500 மைக்ரான் க்யூலெட் தாராளம். துளை பெரிது, மாதிரி பெரிது, வேலை சுகம். பூமியின் கீழ் மேன்டில் 660 கிலோமீட்டர் ஆழத்தில், 23-24 ஜிகா பாஸ்கலில் தொடங்குகிறது. அங்கிருந்து பாதி வழி வரை, அதாவது 60-70 வரை, 300 அல்லது 250 மைக்ரான் போதும். மேன்டிலின் அடித்தளம் 2,890 கிலோமீட்டர், 136 ஜிகா பாஸ்கல். அதற்கு 100 மைக்ரான் க்யூலெட்டும், அதைச் சுற்றி 300 மைக்ரான் வரை சுமார் 8 பாகை சரிவும் கொண்ட வைரம் வேண்டும். சரிவு இல்லாமல் அந்த அழுத்தத்துக்குப் போனால் க்யூலெட்டின் விளிம்பில் விரிசல் கிளம்பும். வைரமே உச்ச அழுத்தத்தில் கிண்ணம் போலக் குழிவதால் விளிம்பும் விளிம்பும் முட்டிக்கொள்வதுதான் காரணம்.

பூமியின் மையம் 364 ஜிகா பாஸ்கல். 2010-ல் ஜப்பானில் டடெனோ, ஹிரோசே குழுவினர் டயமண்ட் செல்லில் 377 ஜிகா பாஸ்கலையும் 5,700 கெல்வினையும் ஒருசேர எட்டினார்கள். முடியும், ஆனால் அது வாழ்நாள் பயிற்சி. புதிதாகத் தொடங்கும் ஆய்வகம் 300 மைக்ரானில் பத்து முறை உடைக்காமல் ஏற்றி இறக்கிய பிறகே சரிவு வைத்த வைரத்தைத் தொட வேண்டும்.

வைரத்தின் வகையும் கவனிக்க வேண்டியது. எக்ஸ் கதிருக்கு மட்டும் என்றால் சாதாரண ஒன்று-ஏ வகை போதும். ராமன் சிதறல், அகச்சிவப்பு அளவீடுகளுக்கு நைட்ரஜன் இல்லாத இரண்டு-ஏ வகை வேண்டும். ஒன்று-ஏ கல்லில் நைட்ரஜனின் உட்கவர்தலும் ஒளிர்வும் சேர்ந்து மாதிரியின் சிக்னலை மூழ்கடித்துவிடும். சப்ளையர் அனுப்பும் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு கல்லின் ஒளிர்வையும் நீங்களே அளந்து குறித்துவைப்பது நல்லது.

ஒட்டுவதும் நேராக்குவதும்

செல் வாங்கியவர்கள் அதிகம் அவசரப்படும் இடம் இது. சீட்டையும் வைரத்தையும் அசிட்டோனில் துடைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு தூசி கூட இல்லை என்று உறுதி செய்த பிறகே வைரத்தைச் சீட்டில் வைக்க வேண்டும். வைரத்துக்கும் சீட்டுக்கும் நடுவே சிக்கிய ஒரு தூசி, அழுத்தம் ஏறும்போது ஆப்பு போல வேலை செய்து வைரத்தைப் பின்பக்கமாகப் பிளக்கும். வைரத்தை ஒட்டு ஜிக்கில் அழுத்திப் பிடித்தபடியே, இடுப்பைச் சுற்றி மட்டும் எபாக்சி பூசுங்கள். வைரமும் சீட்டும் தொடும் பரப்புக்குள் எபாக்சி ஊறிவிட்டால் பிரித்து, கழுவி, மறுபடி ஒட்டுவதுதான் வழி. ஓர் இரவு முழுக்க இறுகட்டும்.

அடுத்தது நேராக்கல். செல்லை மூடி, இரண்டு க்யூலெட்டும் மெல்லத் தொடும்படி வைத்து, வெள்ளை ஒளியில் மேலிருந்து பாருங்கள். வானவில் நிறப் பட்டைகள் தெரியும். ஒரு பட்டை என்பது ஏறத்தாழ 0.27 மைக்ரான் உயர வித்தியாசம். 300 மைக்ரான் க்யூலெட்டில் ஐந்தாறு பட்டைகள் தெரிந்தால் சாய்வு அதிகம். ஒன்றுக்குக் கீழே வர வேண்டும். முழுப் பரப்பும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் இன்னும் நல்லது. பக்கவாட்டு நகர்வைச் சீட்டைப் பிடிக்கும் சிறு திருகாணிகளால் சரி செய்துவிடலாம். சாய்வுக்கு இந்த செல்லில் தனி ஏற்பாடு இல்லை. சீட்டைக் கழற்றி, கழுவி, கொஞ்சம் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் வைரத்தை மறுபடி ஒட்ட வேண்டும். எங்கள் பார்வையில் வடிவமைப்பின் உண்மையான குறை இது ஒன்றுதான். பழைய மாவ்-பெல் வகை செல்களில் அரை உருளை வடிவப் படுக்கைகள் இருந்ததால் சாய்வைத் திருத்த வசதி இருந்தது. அதற்கு ஈடாக, பிஎக்ஸ்90-ல் ஒருமுறை நேராக்கிவிட்டால், செல்லின் இரு பாதிகளான பிஸ்டனும் சிலிண்டரும் அதை அப்படியே பிடித்துவைக்கின்றன. பத்து முறை திறந்து மூடினாலும் பெரிதாக நகராது.

பிஸ்டனும் சிலிண்டரும் மிகக் குறைந்த இடைவெளியில் பொருந்துபவை. எண்ணெய் போடக் கூடாது, தூசி ஒட்டிக்கொள்ளும். ஐசோபுரோப்பனாலில் நனைத்த துணியால் துடைத்து, நேராக, தன் எடையிலேயே இறங்கும்படி விடுங்கள். சாய்வாக நுழைத்துச் சிக்கினால் தட்டவோ நெம்பவோ கூடாது. கையால் மெல்ல ஆட்டி மேலே எடுத்துவிட்டு மறுபடி நுழையுங்கள்.

கேஸ்கெட்

சோதனையின் வெற்றி தோல்வியில் முக்கால் பங்கு இந்தத் தகட்டில்தான் இருக்கிறது. 25-30 ஜிகா பாஸ்கலுக்குள் எஃகு போதும். அதற்கு மேல் ரீனியம். 250 மைக்ரான் தடிமனுள்ள ரீனியம் தகட்டை இரண்டு வைரங்களுக்கும் நடுவே வைத்து, 15-20 ஜிகா பாஸ்கல் வரை முன்கூட்டியே அழுத்தி, 300 மைக்ரான் க்யூலெட்டுக்கு ஏறத்தாழ 30 மைக்ரான் தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது சுற்றிலும் பிதுங்கி எழும் உலோக வரப்பு வைரத்தின் பக்கவாட்டைத் தாங்கிப் பிடிக்கும். அதைத் தேய்த்துவிடக் கூடாது. எந்தப் பக்கம் எந்த வைரத்தோடு இருந்தது, எந்தத் திசையில் இருந்தது என்பதை மார்க்கரால் குறித்துவிட்டுத்தான் தகட்டை எடுக்க வேண்டும். திரும்ப வைக்கும்போது அதே பள்ளத்தில் அதே வைரம் உட்காராவிட்டால் முன் அழுத்தியதன் பலன் போயிற்று.

பிறகு துளை. விட்டம் க்யூலெட்டின் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. 300 மைக்ரானுக்கு 100 முதல் 150. ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் அரித்தல்) அல்லது லேசர் கொண்டு போடலாம். துளை நடுவில் இருக்க வேண்டும் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். 10 மைக்ரான் விலகினாலே அழுத்தம் ஏறும்போது துளை அந்தப் பக்கமாகவே ஓடி, க்யூலெட் விளிம்பைத் தொட்டு, மாதிரியை வெளியே துப்பிவிடும். துளையின் உள்விளிம்பில் பிசிறு இருந்தால் ஊசியால் சுரண்டி, மீயொலித் தொட்டியில் கழுவுங்கள்.

நல்ல கேஸ்கெட்டை எப்படி அறிவது? அழுத்தம் ஏற ஏறத் துளை சற்றே சுருங்கும் அல்லது அதே அளவில் நிற்கும். விரியத் தொடங்கினால் தகடு தடிமன் அதிகம் அல்லது துளை பெரிது என்று பொருள். அப்போது அடுத்த திருகு திருகக் கூடாது. அங்கேயே நிறுத்தி, கிடைத்த தரவோடு இறக்கிவிடுவதே வைரத்தைக் காப்பாற்றும் வழி. 100 மைக்ரான் துளையும் 30 மைக்ரான் தடிமனும் என்றால் உள்ளே இருக்கும் மொத்த இடம் கால் நானோ லிட்டர் கூட இல்லை. தலைமுடியைக் குறுக்காக வெட்டிய ஒரு துண்டு அளவு. அதற்குள் மாதிரி, அழுத்தத்தை அளக்கும் ரூபி, மாதிரியைச் சூழும் அழுத்த ஊடகம் மூன்றும் அடங்க வேண்டும்.

முதல் சில முயற்சிகளுக்கு அரிய கனிமத்தை எடுக்காமல் சமேரியம் சல்பைடு படிகத்தை எடுங்கள். சுமார் 0.65 ஜிகா பாஸ்கலில் அது கறுப்பிலிருந்து பொன்னிறமாக மாறும். நுண்ணோக்கியில் கண் வைத்தபடி திருகினால் நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அழுத்தத்தில் குறைகடத்தி உலோகமாவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் குறைவு. 1970-ல் பெல் ஆய்வகத்தில் இதைக் கண்டறிந்தவர்களில் முதன்மையானவர் ஏ. ஜெயராமன், பெங்களூரில் சி.வி. ராமனிடம் பணியாற்றியவர். டயமண்ட் ஆன்வில் செல் பற்றி 1983-ல் அவர் எழுதிய நீண்ட மீள்பார்வைக் கட்டுரை இன்றும் இத்துறைக்கு வரும் மாணவர்கள் தேடிப் படிப்பது.

ஊடகம், ரூபி, திருகுதல்

மாதிரியைச் சுற்றி எது இருக்கிறது என்பதைப் பொறுத்தே அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாக விழும். மெத்தனாலும் எத்தனாலும் 4-க்கு 1 கலந்த கலவை 10 ஜிகா பாஸ்கல் வரை திரவமாகவே நடந்துகொள்ளும். துளியாக விட்டு உடனே மூடிவிடலாம், செலவும் இல்லை. அதற்கு மேல் கண்ணாடி போல இறுகி மாதிரியைக் கோணலாக நெருக்கும். நியான் அறை வெப்பநிலையில் 4.8-ல் உறைந்தாலும் மென்மையான திண்மம் என்பதால் 15 வரை தொல்லை தராது. ஹீலியம் எல்லாவற்றிலும் சிறந்தது. 12 ஜிகா பாஸ்கலுக்குச் சற்றுக் கீழே உறைகிறது, அதன் பிறகும் வெண்ணெய் போல வளைந்துகொடுக்கும். ஆனால் இந்த வாயுக்களைச் சாதாரண அழுத்தத்தில் அடைத்துப் பயனில்லை. 1,500 பார் அளவுக்கு அழுத்திய கலனுக்குள் செல்லை வைத்து, உள்ளேயே மூட வேண்டும். அந்த வசதி உங்களிடம் இல்லையென்றால், சின்க்ரோட்ரான் மையங்களில் (மிகச் செறிவான எக்ஸ் கதிர் தரும் பெரிய முடுக்கி மையங்களில்) இருக்கும் வாயு ஏற்றும் கருவியை முன்பதிவு செய்யுங்கள். பிஎக்ஸ்90 பரவலாகப் புழங்கும் வடிவம் என்பதால் அங்கே பெரும்பாலும் அதற்கான தாங்கி இருக்கும்.

மாதிரியின் தடிமன் துளை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. துளை சுருங்கும்போது மாதிரி இரண்டு வைரத்தையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் அழுத்தம் ஒரே திசையில் விழும். எக்ஸ் கதிர்க் கோடுகள் அகன்று, அளவீடே தவறாகிவிடும். ஹீலியம் ஏற்றும்போது துளை நிறையச் சுருங்கும் என்பதையும் கணக்கில் வைத்து ஆரம்பத் துளையைப் பெரிதாகப் போடுங்கள்.

அழுத்தத்தை அளக்க 5 முதல் 10 மைக்ரான் ரூபி உருண்டை ஒன்றிரண்டு போதும். பச்சை லேசரில் ஒளிரும் அதன் முதன்மைக் கோடு சாதாரண நிலையில் 694.2 நானோமீட்டர், தொடக்கத்தில் ஒரு ஜிகா பாஸ்கலுக்கு 0.365 நானோமீட்டர் வீதம் நகரும். இதில் இரண்டு இடங்களில் பிழை நுழையும். ஒன்று, லேசர் சக்தி. ரூபி சூடானாலும் கோடு அதே பக்கம் நகரும், 5 முதல் 6 கெல்வினுக்கு 0.1 ஜிகா பாஸ்கல் கூடுதலாகக் காட்டும். சில மில்லிவாட்டுக்கு மேல் வேண்டாம். இரண்டு, எந்த அளவுகோல் என்பது. கோடு 31 நானோமீட்டர் நகர்ந்திருந்தால் 1986 மாவ் அளவுகோல்படி 99 ஜிகா பாஸ்கல். 2020-ல் பன்னாட்டுக் குழு ஒத்துக்கொண்ட அளவுகோல்படி 104-105. பூமிக்குள் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழம். பழைய கட்டுரையின் எண்ணோடு ஒப்பிடுமுன் அவர்கள் எதைப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

நான்கு திருகாணிகளில் இரண்டு வலமரை, இரண்டு இடமரை. எதிரெதிரே இருக்கும் ஜோடியை ஒரே நேரத்தில், ஒரே அளவு திருகினால் முறுக்கு விசை ஒன்றையொன்று சமன்செய்து செல் சுழலாமல் நிற்கும். ஒருமுறைக்கு 5 முதல் 10 பாகை போதும். இடமரைத் திருகாணிகளில் வண்ணம் பூசிவைப்பது நல்ல பழக்கம். மாற்றித் திருகி இறுக்குவதற்குப் பதில் தளர்த்திவிட்டால், ஏற்றிய ஹீலியம் ஒரு நொடியில் போய்விடும். திருகாணிக்கு அடியில் இருக்கும் குழிவான ஸ்பிரிங் வாஷர்களை எந்த அடுக்கில் போட வேண்டுமோ அந்த அடுக்கிலேயே போடுங்கள். ஒரே பக்கம் பார்த்து அடுக்கினால் கடினம், எதிரெதிராக அடுக்கினால் மென்மை. நான்கிலும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் நேராக்கிய வைரம் அழுத்தத்தில் சாயும். கதிர் அறைக்குள் அடிக்கடி போய்த் திருக முடியாத சோதனைகளுக்கு, வாயு அழுத்தத்தில் உப்பி செல்லை நெருக்கும் மெம்ப்ரேன் உறை ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். சின்க்ரோட்ரானில் உங்களுக்கு ஒதுக்கிய கதிர்நேரத்தில் அது மிச்சப்படுத்தும் மணிகள் கணிசம்.

சூடாக்குதல்

கோளுக்குள் அழுத்தம் மட்டும் இல்லை, வெப்பமும் உண்டு. பிஎக்ஸ்90-ன் திறப்பு இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இருபுற லேசர் சூடாக்கலுக்கு மிகவும் ஏற்றது. 1,064 நானோமீட்டர் லேசர் இரும்பு கலந்த மாதிரிகளைச் சூடாக்கும். நிறமற்ற கனிமங்கள் அதை உறிஞ்சாது; அவற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு லேசர் அல்லது உறிஞ்சும் உலோகத் துகள் கலப்பு வேண்டும். வைரம் வெப்பத்தைக் கடத்துவதில் செம்பை மிஞ்சியது. மாதிரி வைரத்தைத் தொட்டால் எத்தனை வாட் கொடுத்தாலும் சூடேறாது. இரு பக்கமும் பொட்டாசியம் குளோரைடு அல்லது மெக்னீசியம் ஆக்சைடு படுக்கை போடுங்கள். 120 பாகை செல்சியஸில் பல மணி நேரம் உலர்த்தி, செல்லோடு சேர்த்தே உலர்த்தி மூடுவது இன்னும் நல்லது. ஈரம் மிச்சமிருந்தால் இரும்பு ஹைட்ரஜனை உறிஞ்சி, கன அளவு பெருகி, இல்லாத ஒரு புதுக் கட்டம் (படிக வடிவம்) தோன்றியது போலக் காட்டும்.

லேசர் புள்ளி 10-20 மைக்ரான்தான். எக்ஸ் கதிரை அதைவிடச் சிறிதாகக் குவித்து, இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். விலகினால் குளிர்ந்த இடத்தின் அமைப்பைச் சூடான இடத்தின் வெப்பநிலையோடு சேர்த்து எழுதிவிடுவீர்கள்.

செல்லையே வெளியிலிருந்து மின்கம்பிச் சுருளால் சூடாக்கவும் முடியும். 700 பாகை செல்சியஸை நெருங்கும்போது வைரம் காற்றில் எரியத் தொடங்கும். ஆர்கானில் சிறிதளவு ஹைட்ரஜன் கலந்த வாயுவை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு செல்லைத் தனியாக ஒதுக்குவது நல்லது. பலமுறை சூடேறிய பிஸ்டன் முன்போல வழுக்காது.

வேறு செல்கள்

மெரில்-பாசெட் வகை சின்னது, மலிவு, மூன்று திருகாணி. 10 ஜிகா பாஸ்கலுக்குள் சொந்த ஆய்வகத்திலுள்ள டிஃப்ராக்டோமீட்டரில் (எக்ஸ் கதிர் விலகலை அளக்கும் கருவியில்) வேலை என்றால் அதுவே போதும். நான்கு திருகாணி சிம்மெட்ரிக் செல் ஒரு மெகாபாரை (100 ஜிகா பாஸ்கலை) தாண்டும் லேசர் சோதனைகளில் நன்றாக நிலைத்து நிற்கும். தூள் மாதிரியும் உச்ச அழுத்தமும் மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் அதை வாங்கலாம். ஒற்றைப் படிகம், பிரில்வன் சிதறல் (ஒளியைக் கொண்டு மாதிரிக்குள் ஒலியின் வேகத்தை அளப்பது), மின்தடை, இருபுற லேசர் எல்லாம் ஒரே செல்லில் வேண்டும் என்பவருக்கு பிஎக்ஸ்90. பக்கச் சுவரிலும் திறப்பு இருப்பதால் மின்கம்பி இழுப்பது எளிது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் டயமண்ட் செல் ஆய்வுக்குப் பல்லாண்டு மரபு உண்டு. சின்க்ரோட்ரான் என்றால் இந்தூரின் இண்டஸ்-2, அல்லது இத்தாலியின் திரியெஸ்தேயில் இந்திய-இத்தாலியக் கூட்டில் அமைந்த எக்ஸ்பிரஸ் கதிர்நிலையம். எங்கு போனாலும் ஒரே ஒரு செல்லோடு போகாதீர்கள். நான்கைந்து ஏற்றிவைத்த செல்களோடு போனால்தான் ஒன்றிரண்டு போனாலும் கதிர்நேரம் வீணாகாது. பட்ஜெட் போடும்போதும் இதே கணக்கு: விலை உயர்ந்த ஒரு ஜோடி வைரத்தை விட, நடுத்தரமான நான்கு ஜோடியும் நல்ல நுண்ணோக்கியும் துல்லியமான துளையிடும் கருவியும் அதிக வேலை முடித்துத் தரும்.

இந்த செல் எட்டாத இடமும் உண்டு. வியாழனின் மையத்தில் பல ஆயிரம் ஜிகா பாஸ்கல். அங்கே எந்த நிலையான செல்லும் போகாது. நானோ நொடிகளில் மோதும் லேசர் அதிர்வுதான் வழி. யுரேனஸ், நெப்டியூனுக்குள் இருக்கலாம் என்று கருதப்படும் சூப்பர் அயனிக் பனிக்கட்டியை (ஹைட்ரஜன் அயனிகள் மட்டும் திரவம் போல ஓடும் பனிக்கட்டியை) மியோ குழுவினர் 2018-ல் அப்படித்தான் காட்டினார்கள். அதற்கும் முன்னதாக, நீரை டயமண்ட் செல்லில் 2.5 ஜிகா பாஸ்கலுக்கு அழுத்தி ஏழாம் வகைப் பனிக்கட்டியாக்கிய பிறகே லேசரை விட்டார்கள்.

கடைசியாக இறக்குவது. வைரங்கள் ஏறும்போது உடைவதை விட இறங்கும்போதுதான் அதிகம் உடைகின்றன. உச்சத்தில் குழிந்த வைரத்தோடு கேஸ்கெட் ஒட்டிக்கொள்கிறது. விசை குறையும்போது வைரம் நிமிர்கிறது, தகடு விடாமல் இழுக்கிறது, க்யூலெட்டுக்கு இணையாக ஒரு சில்லு பெயர்கிறது. ஏற்றியதை விட மெதுவாக, அதே ஜோடி முறையில் தளர்த்துங்கள். கடைசி 5 ஜிகா பாஸ்கலை அரைமணி நேரமாவது எடுத்து இறக்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். திறந்த பிறகு கேஸ்கெட்டை எறிந்துவிடாதீர்கள். கீழ் மேன்டிலின் முக்கியக் கனிமமான பிரிட்ஜ்மனைட் போன்றவை சாதாரண அழுத்தத்திலும் அதே வடிவில் தங்கும். துளைக்குள் இருக்கும் அந்தத் துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெட்டிப் பார்த்தால் எந்தத் தனிமம் எங்கே போனது என்று தெரியும். அதன் இன்னும் உயர் அழுத்த வடிவமான, 2004-ல் கண்டறியப்பட்ட போஸ்ட்-பெரோவ்ஸ்கைட் அப்படித் தங்காது, இறக்கும்போதே குலைந்துவிடும். அதைத் தேடுபவர்கள் தளர்த்தும் முன்பே எல்லா அளவீட்டையும் முடித்துவிட வேண்டும்.